அக்காவின் மூச்சில் வாசித்தவர்கள்

முதல் ஒத்திகையிலேயே அக்காவின் மானத்தை வாங்கியது நான்தான். கூட இன்னும் மூன்று பேர் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் பழி என் தலையில்தான் விழுந்தது. இளையவர்களாகப் பிறந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

எங்கள் ஆர்கெஸ்ட்ரா நூலகக் கட்டிடத்தின் மேல்மாடியில் ஒத்திகை பார்க்கும். ஐம்பத்து நான்கு பேர், ஐம்பத்து நான்கு நாற்காலிகள், அதில் ஏழு ஆடும். முந்தி வருபவர்களுக்கு ஆடாத நாற்காலி கிடைக்கும். அன்றைக்கு எல்லோருக்கும் முந்தி வந்தவள் அக்கா, ஆனால் அவளுக்குத்தான் நாற்காலியே கிடையாது. இருபத்திரண்டு வருஷம் பிரெஞ்சு ஹார்ன் வரிசையின் முதல் இடத்தில் உட்கார்ந்து வாசித்தவள், அன்று கையில் கோலோடு கண்டக்டர் மேடையில் நின்றாள். அவள் காலி செய்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி ஆடவில்லை, நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

எடுத்துக்கொண்ட சிம்பொனி மெதுவாக ஆரம்பிக்கும். முதலில் முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிக்கும் பெரிய வயலின்களான செல்லோக்கள் மட்டும், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் கேட்கும். நாங்கள் நான்கு ஹார்ன்காரர்களும் தாளத்தின் ஐந்தாவது கட்டத்தில்தான் நுழைய வேண்டும். அக்கா கோலைத் தூக்கினாள். செல்லோக்காரர்கள் பக்கம் திரும்பினாள். வாயைக் கொஞ்சம் திறந்து 'ஹ்ஹ்' என்று மூச்சிழுத்தாள்.

நான்கு ஹார்ன்களும் கூரை அதிர ஒன்றாக முழங்கின.

முதலில் முரசுக்காரர் சிரித்தார், அவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். கீழே நூலகத்திலிருந்து யாரோ கம்பால் கூரையைத் தட்டினார்கள். அக்கா சிரிக்கவில்லை. "மறுபடியும்" என்றாள். மறுபடியும் மூச்சிழுத்தாள். மறுபடியும் நாங்கள் முழங்கினோம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

ஏன் இப்படி ஆனது என்று ஹார்ன் ஊதாதவர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும். ஹார்ன் என்பது சுருட்டி வைத்த ஏறக்குறைய நாலு மீட்டர் குழாய். இந்தப் பக்கம் உதட்டை வைத்து ஊதினால், அந்தப் பக்கம் வலது கையை நுழைத்து வைத்திருக்கும் புனல் வழியாகச் சத்தம் வரும். கேட்ட சுரம் வருமா, பக்கத்து வீட்டுச் சுரம் வருமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். கோலைப் பார்த்து ஊதினால் பிந்திவிடும். அதனால் வரிசையில் முதலாவதாக இருப்பவர் எப்போது மூச்சிழுக்கிறாரோ அப்போதே மற்ற மூவரும் இழுத்துவிடுவார்கள். அந்த முதல் மூச்சு இருபத்திரண்டு வருஷமாக அக்காவுடையது. போதாததற்கு எங்கள் நால்வருக்கும் ஹார்ன் சொல்லிக்கொடுத்தவளும் அவளேதான், வகுப்பிலும் அதே 'ஹ்ஹ்'தான். இப்போது அந்த மூச்சு இடம் மாறி மேடைக்குப் போய்விட்டது என்று மூளைக்குத் தெரிந்தது. உதட்டுக்குத் தெரியவில்லை.

அக்கா அந்த மேடைக்கு வந்து சேர்ந்த கதை சின்னக் கதை இல்லை. பன்னிரண்டு வயதில் பள்ளி இசைக்குழுவில் சேர்ந்தாள். புல்லாங்குழல், டிரம்பெட் எல்லாவற்றையும் கைவேகம் உள்ளவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட, மூலையில் ஒரு கோணல் பெட்டி மிஞ்சியது. ஏதோ கழிப்பறைச் சாமான் என்று நினைத்து யாரும் தொடவில்லையாம். அக்கா திறந்து பார்த்தாள். அன்றோடு எங்கள் வீட்டு நிம்மதி போனது. மூன்று மாதம் மாடு கத்துகிற சத்தம், நான்காவது மாதம் ஒரு பாட்டு. ஐந்து வருஷம் கழித்து, எனக்கு ஒன்பது வயதானபோது, என் கையிலும் ஒரு ஹார்னைத் திணித்தாள். தங்கை மேல் இருந்த பாசத்தால் இல்லை. இரண்டு ஹார்ன்களுக்கான பாடங்களை வாசிக்க எதிரில் ஓர் ஆள் வேண்டியிருந்தது, வீட்டில் ஓடிப்போகத் தெரியாத ஆள் நான் ஒருத்திதான்.

இசைக் கல்லூரிக்குப் போய்த் திரும்பி வந்தாள், ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தாள், வீட்டில் வகுப்பு ஆரம்பித்தாள். சமையலறையை ஒட்டிய அறை, இரண்டு நாற்காலி, ஊதுகுழலில் சேரும் தண்ணீரைக் கொட்ட ஒரு பழைய துண்டு. பதினேழு பேர் அவளிடம் கற்றார்கள். அதில் முப்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக வாத்தியத்தைத் தொட்ட ஒரு பஸ் டிரைவரும் உண்டு, நோயாளிகளின் அலறலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு பல் டாக்டரம்மாவும் உண்டு. அக்கா மேடை ஏறியதும் என் பழைய இரண்டாவது இடத்துக்கு வந்தவர் அந்த டிரைவர், மூன்றாவது ஹார்ன் டாக்டரம்மா, நாலாவது ஹார்ன் ஊதும் தூங்குமூஞ்சியும் அவள் மாணவர்தான். அவர் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை, முகவாகு அப்படி.

இதற்கு நடுவில் கண்டக்டர் ஆசை எப்போது வந்தது என்று கேட்டால், அவளுக்கே சொல்லத் தெரியாது. சனிக்கிழமை காலைகளில் குழந்தைகளுக்கான கச்சேரி நடக்கும். பெரிய கண்டக்டர் அதற்கெல்லாம் எழுந்திருக்க மாட்டார். ஒன்பது வருஷம் அதை அக்கா நடத்தினாள். எல்லா வாத்தியங்களுக்கும் எழுதிய தடித்த இசைநூலைப் பஸ்ஸில் மடியில் வைத்துப் படிப்பாள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவாள். 'நான் கண்டக்டர்' என்று அவள் யாரிடமாவது சொன்னால், 'எந்த ரூட்?' என்று கேட்பார்கள். அக்காவின் கணவர், எங்கள் மாமா, இதை வைத்தே பிழைப்பு நடத்தினார். "டிரைவர் ஹார்ன் அடிக்கிறார், கண்டக்டர் கையைக் காட்டுறா, வண்டி மட்டும் நகர மாட்டேங்குது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் பெரிய கண்டக்டர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு மூன்று பேர் போட்டி. ஆளுக்கு ஒரு கச்சேரி நடத்த வேண்டும், பிறகு வாசிப்பவர்கள் சீட்டு எழுதிப் போடுவார்கள். மற்ற இருவரும் வெளியூர்க்காரர்கள், நன்றாக உடுத்துகிறவர்கள். அக்கா மூன்றாவது. "நேத்து வரைக்கும் நம்மளோட உட்கார்ந்து எச்சியைத் துடைச்சுக்கிட்டு இருந்தவ, இன்னைக்கு நமக்குக் கை காட்டறாளா?" என்று காபி இடைவேளையில் டிரம்பெட்காரர் ஒருவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அதனால்தான் முதல் ஒத்திகையில் நாங்கள் செய்த காரியம் வெறும் சிரிப்போடு போகவில்லை.

இரண்டாவது ஒத்திகைக்கு அக்கா ஒரு முடிவோடு வந்தாள். மூச்சே இழுக்கவில்லை. உதட்டை ஒட்டவைத்தது போல மூடிக்கொண்டு கோலை மட்டும் அசைத்தாள். ஹார்ன்கள் அமைதியாக இருந்தன. ஆனால் மற்ற யாரும் சரியாக வாசிக்கவில்லை. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்த முதல் வயலின்காரர் வில்லை மடியில் வைத்தார். நல்ல மனிதர், பேச்சில் மட்டும் நயம் கிடையாது.

"நீங்க மூச்சை அடக்கிட்டு நிக்கிறீங்கம்மா. உங்களைப் பார்த்து எங்களுக்கும் மூச்சு முட்டுது. வில்லு நகர மாட்டேங்குது. உங்க ஹார்ன் ஆளுங்களுக்காக நாங்க அம்பது பேர் சாக முடியாது."

அக்கா தலையை ஆட்டினாள். காது மடல் சிவந்திருந்தது. எனக்கு அந்த ஆளை அடிக்க வேண்டும் போலிருந்தது, அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் பலமாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் அக்காவுக்குத் தெரியாமல் பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் கூடினோம். பல் விளக்கும் முறை பற்றிய படங்களுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்தோம். டாக்டரம்மா கெட்டிக்காரி, வகுப்பில் அக்கா மூச்சிழுக்கும் சத்தத்தைத் திருட்டுத்தனமாகப் போனில் பதிவு செய்து வைத்திருந்தார். அதைத் திரும்பத் திரும்பப் போட்டார். நாங்கள் ஹார்னை உதட்டில் வைத்துக்கொண்டு, ஊதாமல் இருக்கப் பழகினோம். வாத்தியம் வாசிக்கப் பழகுகிறவர்கள் உண்டு, வாசிக்காமல் இருக்க ஒரு மத்தியானம் முழுக்கப் பழகியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். முதலில் தேறியவர் டிரைவர். "சிக்னல்ல நிக்கும்போது பின்னாடி இருக்கிறவன் எவ்வளவு கத்தினாலும் நகரக்கூடாது, அவ்வளவுதானே?" என்றார். அடுத்து தூங்குமூஞ்சி, அதற்கடுத்து டாக்டரம்மா. போனில் வந்த மூச்சுக்கு நானும் தேறிவிட்டேன்.

நேரில் வந்த மூச்சுக்குத் தேறவில்லை.

மூன்றாவது ஒத்திகையில் சிம்பொனியின் இரண்டாம் பகுதியை எடுத்தோம். அது ஆரம்பிக்கும் விதம் இப்படி: தந்தி வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து மெதுவாக ஒரு நீண்ட நாதம் எழுப்பும், நிறுத்தும். கொஞ்சம் மௌனம். இரண்டாவது நாதம், மௌனம். மூன்றாவது நாதம், மௌனம். அதற்குப் பிறகு முதல் ஹார்ன் தனியாக ஆரம்பிக்க வேண்டும், துணைக்கு ஒருவரும் இல்லாமல். ஒவ்வொரு நாதத்துக்கும் அக்கா மூச்சிழுத்துக் கை தூக்கியாக வேண்டும். முதல் மூச்சுக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது மூச்சுக்கு நுழைந்துவிட்டேன்.

மூன்று தடவை அப்படியே ஆனது. நாலாவது தடவை மூன்று நாதங்களையும் எப்படியோ தாண்டினேன். என் முறை வந்தது. அக்கா எனக்கு மூச்சிழுக்கவில்லை, ஏனென்றால் அங்கே அவள் கை காட்ட வேண்டியதில்லை, நானாக ஆரம்பிக்க வேண்டிய இடம். நான் ஹார்னைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆரம்பிக்கவே இல்லை. யாரோ எனக்கு மூச்சிழுத்துத் தருவார்கள் என்று காத்திருந்தேன். ஐம்பத்து மூன்று பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டில் தனியாக அதைப் பிசகில்லாமல் வாசிப்பேன். ஆனால் அன்றைக்குத்தான் தெரிந்தது, தனியாக வாசிக்கும்போதும் மனதுக்குள் அக்கா மூச்சிழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நாற்பத்திரண்டு வயதில் இதைக் கண்டுபிடிப்பது பெருமைப்படக்கூடிய விஷயம் இல்லை.

மறுநாள் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தாள். நான் குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். அவள் மற்றவர்களைப் போல வாசலில் டோக்கன் எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, தன் எண் வந்ததும் எழுந்து என் கண்ணாடிக்கு முன்னால் வந்தாள். நாற்பத்தொன்று.

"என்ன புகார்?" என்றேன்.

"விளையாடாதடி. ஆர்கெஸ்ட்ரா செயலாளர் ஒரு ஆளைச் சொல்றார். பக்கத்து ஊர்ல முதல் ஹார்ன் வாசிக்கிறவராம். இந்த ஒரு கச்சேரிக்கு மட்டும். நீ பழையபடி ரெண்டாவது இடத்துல உட்காரு."

"அது அவரோட முடிவா, உன்னோட முடிவா?"

"இன்னும் முடிவு பண்ணல. அதான் உன்கிட்ட வந்தேன்."

"வீட்டுல கேக்க வேண்டியதுதானே? டோக்கன் எடுத்துட்டு வந்து கேக்கறே!"

"வீட்டுல கேட்டா நீ கத்துவே. இங்க கத்த மாட்டே."

கத்தவில்லை. ஆனால் மெதுவான குரலில் கத்துவது எப்படி என்று எனக்கு அந்தக் கவுண்டர் கற்றுக்கொடுத்திருந்தது. "பத்தொன்பது வருஷமா உன் பக்கத்துல உட்கார்ந்து உன் மூச்சுல வாசிச்சேன். அப்படிப் பழக்கினது யாரு? ஒரு நாளாவது 'நீ ஆரம்பிடி, நான் வர்றேன்'னு சொல்லியிருக்கியா? இப்ப நான் ஆரம்பிக்கலைன்னு வெளியாளைக் கொண்டு வர்றியா?"

அக்காவுக்குப் பின்னால் நின்றவர், டோக்கன் நாற்பத்திரண்டு, எட்டிப் பார்த்தார். "அம்மா, எங்க வீட்ல மூணு நாளா தண்ணி வரல..."

"வரும், உட்காருங்க" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் பயந்துபோய் உட்கார்ந்தார்.

அக்கா கண்ணாடியில் இருந்த சின்ன ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "சொன்னதில்லைதான். ஒன்பது வயசுல ஒரு சுரம் பிசகினாக்கூட ஹார்னைக் கீழே வெச்சிட்டு ஒரு மணி நேரம் அழுவே. அழ வேண்டாமேன்னுதான் உனக்கு முன்னாடி நான் மூச்சிழுக்க ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்தத் தெரியல. உனக்கு மட்டுமில்ல, வந்தவங்க எல்லாருக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்துட்டேன்."

முத்திரை குத்தும் மைப்பெட்டியைத் திறந்து மூடினேன்.

"எனக்கு இந்த வேலை வேணும்டி" என்றாள். "ரொம்ப வேணும். அம்பது வயசாச்சு. இன்னொரு தடவை யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. அதனாலதான் பயமா இருக்கு. நீ சொல்லு. என்ன சொன்னாலும் செய்றேன்."

அக்கா தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வெளியாளைக் கூப்பிடு என்று சொல்லியிருக்க வேண்டும், அதுதான் நியாயம். இல்லையென்றால், நான் வாசிப்பேன் என்று சொல்லியிருக்க வேண்டும், அது ரோஷம். இரண்டில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "எனக்குத் தெரியலக்கா" என்றேன். அவள் டோக்கனை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள்.

அன்று மாலை டிரைவர் போன் செய்தார். "தங்கச்சி, விஷயம் தெரியுமா? டீச்சர் செயலாளர்கிட்ட வெளியாள் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. 'என் தங்கச்சி வாசிப்பா, கெட்டா என்னோட கெடட்டும்'னு சொன்னாங்களாம்."

சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு ஹார்ன் பெட்டியைத் திறந்தேன். அதுவரை என் வாசிப்புக்குத்தான் ஆபத்து. இனி அவளுடைய முப்பத்தெட்டு வருஷ உழைப்பும் என் உதட்டு நுனியில்.

கச்சேரிக்கு இன்னும் ஒன்பது நாள். தினமும் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு சுரத்தை மட்டும் பழகினேன், அந்தப் பாட்டின் முதல் சுரத்தை. ஆரம்பிப்பேன், நிறுத்துவேன், ஹார்னைக் கீழே வைப்பேன், மறுபடியும் எடுப்பேன். நாற்பது தடவை. நானே ஆரம்பிக்கிறேனா, மனதுக்குள் இருக்கும் அக்கா ஆரம்பித்துத் தருகிறாளா என்று ஒவ்வொரு தடவையும் கவனித்தேன். முதல் நாள் நாற்பதும் அவள்தான். ஐந்தாவது நாள் ஒன்றோ இரண்டோ என்னுடையது என்று தோன்றியது. பஸ்ஸை எப்படிக் கிளப்புகிறீர்கள் என்று டிரைவரிடம் கேட்டேன். "எல்லாரும் ஏறிட்டாங்களான்னு கண்ணாடியில பார்ப்பேன், போவேன். இதைக் கேக்கவா போன் பண்ணினே?" என்றார். கடைசி ஒத்திகையில் ஒரு தடவை சரியாக ஆரம்பித்தேன், ஒரு தடவை இரண்டாவது நாதத்தில் நுழைந்துவிட்டேன். செயலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வெளியே போனார். அக்கா இசைநூலை மூடிப் பையில் வைத்தாள்.

கச்சேரி ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு. அரங்கம் நிறைந்திருந்தது. மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அன்று மட்டும் ஜோக் அடிக்கவில்லை. அக்கா கறுப்பு உடுப்பில் மேடைக்கு வந்தாள், குனிந்து வணங்கினாள், செல்லோக்கள் பக்கம் திரும்பினாள், மூச்சிழுத்தாள். தயங்காமல், நன்றாக, எல்லோருக்கும் கேட்கும்படி இழுத்தாள். நாங்கள் நால்வரும் அசையவில்லை. டிரைவரின் முழங்கால் மட்டும் என் முழங்காலை இடித்தது. ஐந்தாவது கட்டத்தில் சரியாக நுழைந்தோம். முதல் பகுதி முழுவதும் ஒழுங்காகப் போனது, சில இடங்களில் ஒழுங்கைவிட நன்றாகவே போனது.

இரண்டாம் பகுதி வந்தது. முதல் நாதத்துக்கு அக்கா மூச்சிழுத்தாள். நான் ஹார்னை மடியை விட்டு எடுக்கவே இல்லை. இரண்டாவது நாதம். நாக்கை அண்ணத்தில் அழுத்திக்கொண்டு தாண்டினேன். மூன்றாவது நாதத்தின்போது ஹார்னை உதட்டில் வைத்தேன். நாதம் மெல்ல அடங்கியது. மௌனம்.

அக்கா கையைக் கீழே இறக்கினாள். கோலை இசைநூலின் மேல் வைத்துவிட்டாள்.

யாரோ ஒருவர் இருமினார். எனக்குள் ஒன்றும் நகரவில்லை. ஒத்திகையில் நடந்ததே மறுபடியும் நடக்கிறது என்று தெரிந்தது. அவள் மேல் கோபம் வந்தது. ஒரே ஒரு தடவை, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்தால் போதுமே, கேட்பவர்கள் யாருக்கும் தெரியாதே, நான் பிடித்துக்கொள்வேனே என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை இறுக மூடியிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, தோள் இரண்டும் மேலே ஏறி நின்றன. எனக்காக இழுத்துப் பழகிய மூச்சு தொண்டைவரை வந்து நிற்கிறது, அதை உள்ளே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். முப்பத்து மூன்று வருஷப் பழக்கத்தை ஒரு பெண் ஊரே பார்க்க அடக்கிக்கொண்டு நிற்கிறாள். இன்னும் கொஞ்சம் போனால் விழுந்துவிடுவாள் போலிருந்தது. பயம், கோபம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் சிரமம் முடிய வேண்டும் என்பதற்காக நான் மூச்சிழுத்தேன்.

சுரம் வந்தது. தொடக்கத்தில் லேசாகக் கரகரத்தது, பிறகு தெளிந்தது. அடுத்த சுரத்துக்கு நான்தான் போனேன், அதற்கடுத்ததற்கும் நான்தான். யாரையும் கேட்கவில்லை. இரண்டாவது வரியை நான் பழகியதைவிட வேகமாக எடுத்தேன், அது எனக்கே தெரியாமல் வந்த வேகம், ஆனால் பிடித்திருந்தது. வரியின் முடிவில் காற்றுத் தீர்ந்தது. அடுத்த வரிக்கு மூச்சு வாங்கினேன். அந்த இடத்தில்தான் வயலின்கள் என்னோடு சேர வேண்டும்.

மேடையிலிருந்து 'ஹ்ஹ்' என்று சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் இல்லை, என்னோடு சேர்ந்து. நான் இழுத்தபோதே அக்காவும் இழுத்தாள், வெறும் கை மேலே எழுந்தது, இருபதுக்கு மேற்பட்ட வில்கள் அந்த மூச்சில் இறங்கின. நான் கண்ணை மூடிக்கொண்டேன், இல்லாவிட்டால் இசைத்தாள் நனைந்திருக்கும்.

சீட்டுப் போடுவது செவ்வாய்க்கிழமை, அதே நூலக மாடியில். சொந்தக்காரர்கள் கலந்துகொள்ளக்கூடாது என்று விதி இருந்ததால் நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மாமாவும் கூட இருந்தார். காத்திருக்கப் பொறுக்காமல், காபி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். உள்ளே செயலாளர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படிப்பது கதவு வழியாகக் கேட்டது. நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், விரல் போதவில்லை, விட்டுவிட்டேன். கடைசியில் அவர் கூட்டிச் சொன்னார். ஐம்பத்து மூன்று சீட்டில் அக்காவுக்கு இருபத்தெட்டு. மற்ற இருவருக்கும் பதினேழு, எட்டு. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு மேலே முதல் வயலின்காரரின் குரல் கேட்டது: "இனிமேலாவது அந்த ஆடுற நாற்காலியை எல்லாம் மாத்துங்கம்மா."

கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள். படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன்.

"ரெண்டாவது வரியில ஏன்டி அவ்வளவு அவசரப்பட்டே?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்டக்டர் நீதானே! பிடிச்சு நிறுத்த வேண்டியதுதானே? எதுக்கு மேடையில நின்னே?"

"நிறுத்தலாம்னுதான் கையைத் தூக்கப் போனேன்" என்றாள். அப்புறம் அவள் குரல் மாறியது. "தூக்க மனசு வரலடி. எங்கதான் போறே பார்க்கலாம்னு இருந்துச்சு. உன் பின்னாடியே வரணும் போல இருந்துச்சு. எனக்கு அப்படி யார் வாசிச்சும் இருந்ததில்ல."

அவள் அழ ஆரம்பித்தாள். நானும் ஆரம்பித்தேன். இந்த விஷயத்தில் யார் முந்தினார்கள் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.

மூன்று காபியைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்த மாமா எங்களைப் பார்த்ததும் பாதிப் படியில் நின்றுவிட்டார். "போச்சா?" என்றார். கிடைத்துவிட்டது என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே மூச்சு இல்லை.